கண்மாய் முக்கில் நான் நிற்கவில்லை

இதை எழுத நோட்டை எடுப்பதும் மூடுவதுமாகவே ஆறு வருஷம் ஓடிவிட்டது. மகள் கல்யாணம் முடியட்டும் என்று ஒரு வருஷம் தள்ளினேன். தீபாவளி சீசன் முடியட்டும் என்று எல்லா வருஷமும் தள்ளினேன். காலையில் விளக்கேற்றி ஆத்தாளைக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவன் நான். அவளுக்குத் தெரியாததா, ஊருக்கு வேறு சொல்லணுமா என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

சிவகாசியை ஒட்டிய எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டப்பந்தயம் நடக்கும். பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் கமிட்டி போட்டு நடத்துவது. பள்ளிக்கூட மைதானத்தில் கிளம்பி, தார் ரோட்டோடு போய், கண்மாய்க்கரை வழியாகத் திரும்பி, மறுபடி மைதானத்துக்கே வந்து முடியும். பத்து கிலோமீட்டர். ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க, வண்டிகளை மறிக்க, முக்குக்கு முக்கு நின்று வழி காட்ட ஆள் வேண்டுமே. அதற்குச் சம்பளம் கிடையாது. ஒரு மஞ்சள் பனியன், ஒரு தொப்பி, கழுத்தில் மாட்ட ஒரு அட்டை, காலையில் பொங்கல், வடை. பனியன் முதுகில் ‘தன்னார்வலர்’ என்று போட்டிருக்கும். நாங்கள் வாலண்டியர் என்றுதான் சொல்லுவோம். நான் நாலு வருஷம் வாலண்டியராக நின்றவன்.

ஏன் நின்றேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதில் நேர்த்திக்கடன் என்பதுதான். அது பொய்யில்லை. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறையில் வேலை பார்த்தவன் நான். ஒரு நாள் தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். டம்ளரை வாயில் வைத்திருக்கிறேன், முதுகுக்குப் பின்னால் அறை வெடித்துப் போய்விட்டது. உள்ளே இருந்த இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு இடது கையில் தோல் உரிந்ததோடு சரி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, “ஆத்தா, நீ வெளிய கூப்பிட்டுக் காப்பாத்துன உசுரு இது. வருஷத்துல ஒரு நாளாவது கூலி வாங்காம மத்தவுகளுக்காக நிக்கிறேன்” என்று வேண்டிக்கொண்டேன். கம்பெனியிலும் பேக்கிங் பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள். கோயில் திருவிழாவில் கொஞ்ச வருஷம் நீர்மோர் ஊற்றினேன். பிறகு இந்தப் பந்தயம் வந்தது.

ஆனால் அது பாதிக் காரணம். மீதியை யாரிடமும் சொன்னதில்லை. முதல் வருஷம் கையில் பச்சைக் கொடியோடு ரோட்டில் நிற்கிறேன், ஒரு வெள்ளைக் கார் வந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன். உள்ளே எங்கள் முதலாளி. கண்ணாடியை இறக்கி, “எம்புட்டு நேரம் ஆகும்?” என்றார். “கடைசி ஆளு போற வரைக்கும் நிக்கணும் சார்” என்றேன். நின்றார். வெயிலில், ஒரு பேச்சுப் பேசாமல், நான் கொடியை இறக்குகிற வரைக்கும் நின்றார். மறுநாள் கம்பெனியில் அதே கார் வந்தபோது எப்போதும் போல ஒதுங்கித்தான் நின்றேன், ஆனால் உள்ளுக்குள் ஒரு சிரிப்பு. மைதானத்து மைக்கில், “வாலண்டியர் சார், கொஞ்சம் இங்க வாங்க” என்று கூப்பிடுவார்கள். என்னை வேறு எங்கேயும் யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு நாளுக்காக அந்தப் பனியனைத் துவைத்து, மடித்து, வருஷமெல்லாம் பீரோவில் வைத்திருந்தேன்.

மற்றவர்களும் ஆளுக்கொரு காரணத்துக்காகத்தான் வந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் மார்க்குக்காக வந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் வாட்ச்மேன் ஒருத்தர் பொங்கலுக்காகவே வருவார், அதை ஒளிக்கவும் மாட்டார். “ஏலே, ஓடுறவன் ஓடட்டும். வடை ஓடிராமப் பாத்துக்க” என்பார். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நர்ஸம்மா வருவார். வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

“சர்ச்சுக்குப் போகாம இங்க வந்துட்டீகளேம்மா?” என்று டீ குடிக்கும்போது கேட்டேன்.

“விழுந்தவங்களைத் தூக்குறதும் ஆராதனைதான் அண்ணே. நீங்க எதுக்கு வர்றீங்க?”

“ஆத்தாளுக்கு நேர்த்தி.”

“அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவரைப் பொறுத்தவரை அது உண்மை.

இனி அந்தப் புள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னோடு பேக்கிங் அறையில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் மகள். தாய் என்னை அண்ணே என்பாள், மகள் மாமா என்பாள். அந்தத் தாய் தனியாளாக மகளை வளர்த்தவள். பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த மகளுக்கு ஓட்டம்தான் எல்லாம். விடியற்காலையில் கம்பெனி வேன் எங்களை ஏற்றிக்கொண்டு போகும்போது அவள் ரோட்டோரமாக ஓடிக்கொண்டிருப்பாள். வேனுக்குள்ளிருந்து பொம்பளைகள் தலையை நீட்டிக் கிண்டல் பண்ணுவார்கள்.

“ஏ புள்ள, எதுக்கு இம்புட்டு மூச்சு வாங்குற? வேன்ல ஏறிக்க, கம்பெனி இந்தப் பக்கம்தான்!”

“நீங்க போங்க அத்தை. நான் வேற பக்கம் போறேன்” என்று ஓடிக்கொண்டே சொல்லுவாள்.

அந்த வருஷம் மதுரையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வருவதாக இருந்தது. பெண்களில் முதல் மூன்று இடத்துக்கு வருகிறவர்களை விளையாட்டு விடுதியில் சேர்த்து, காலேஜும் படிக்க வைப்பார் என்று சொன்னார்கள். இந்தப் பந்தயத்தில் அவள் ஓடுவது அதுதான் முதல் தடவை என்றாலும், எங்கள் பக்கத்தில் அவளுக்கு ஈடாக ஓட ஆள் இல்லை. முதலிடம் இல்லாவிட்டாலும் மூன்றுக்குள் வந்துவிடுவாள் என்று எல்லாருக்கும் தெரியும். தாய் பட்டாசுக் கட்டுக் கட்டிக்கொண்டே சொல்லுவாள்: “அண்ணே, இவ இந்த ரூமுக்குள்ள வந்து உக்காரக் கூடாது. அது ஒண்ணு போதும் எனக்கு.” அந்தப் பந்தயத்தில் அவர்களுக்கு இருந்தது அதுதான்.

பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வாலண்டியர்களைக் கூட்டி வைத்துக் கமிட்டிக்காரர் பேசினார். எனக்குக் கண்மாய் முக்கு. அங்கேதான் ரோடு இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் திரும்பினால் கண்மாய்க்கரை, நேரே போனால் சாத்தூர் ரோடு. கடைசியில் அவர் இன்னொன்றும் சொன்னார்: “சிறப்பு விருந்தினர் வந்து இறங்குனதும் அதிர்வேட்டுப் போடுவோம். பந்தயம் நடந்துக்கிட்டிருக்கும்போது சத்தம் கேட்டா யாரும் பதறாதீங்க.” கேட்டேன். தலையையும் ஆட்டினேன். யாரும் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது என்று நான் தப்பிக்க முடியாது.

மறுநாள் காலையில் தாயும் மகளும் என்னிடம் வந்தார்கள்.

“அண்ணே, நீங்க எந்த முக்குல நிக்கிறீக?”

“கண்மாய் முக்கு.”

“அப்பக் கவலை இல்ல. ஏட்டி, அங்க மாமா நிப்பாக. ரோட்டைப் பாக்காத, மாமா கையைப் பாத்து ஓடு.”

“சரிம்மா” என்று சொல்லிவிட்டு அந்தப் புள்ள என்னைப் பார்த்துச் சிரித்தது. “மாமா, தூங்கிறாதீக.”

முக்கில் என்னோடு நிற்க வேண்டிய இன்னொரு ஆள் வரவில்லை, மச்சினன் வீட்டு விசேஷமாம். ரோட்டில் சுண்ணாம்புப் பொடியால் போட்டிருந்த அம்புக்குறி மணல் லாரிகள் போய்ப் போய்க் கலைந்திருந்தது. ஆகவே அந்த முக்கில் வழி என்பது நான்தான், என் கைக்கொடிதான். ஆண்கள் கூட்டம் முதலில் போனது. வழிகாட்டும் மோட்டார் சைக்கிளும் அவர்களோடு போய்விட்டது. பெண்கள் வர இன்னும் நேரம் இருந்தது.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

எங்கள் பிழைப்பில் இருக்கிறவர்களுக்குச் சத்தத்தில் இரண்டு வகை உண்டு. கடைக்குப் போகிற பட்டாசு வெடித்தால் காதில் விழும். கம்பெனியில் அறை போனால் சத்தம் உள்ளங்கால் வழியாக ஏறும். அதிர்வேட்டு இரும்புக் குழாயை மண்ணில் புதைத்துப் போடுவது. அதனால் அதுவும் காலில்தான் ஏறியது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குப் போர்மேன் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: “சத்தம் கேட்டா கையில இருக்கிறதைத் தூக்கிப் போடாத, மெதுவாக் கீழ வை. வெச்சுட்டு ஓடு. ஏன்னு கேக்காத.” நானும் கொடியை மெதுவாகத் தரையில் வைத்தேன். மருந்துத் தட்டை வைக்கிற மாதிரி, ஒரு சத்தம் வராமல் வைத்தேன். வைத்துவிட்டு ஓடினேன்.

சீசன் என்பதால் அன்று ஞாயிற்றுக்கிழமையும் என் வீட்டுக்காரிக்கு வேலை. எம். புதுப்பட்டிப் பக்கத்துப் பட்டாசு யூனிட். செல்போனைக் கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், கூப்பிட்டாலும் எடுக்க முடியாது. கண்மாய்க்கரை மேட்டில் ஏறினால் புகை எந்தப் பக்கம் என்று தெரியும். புகையைப் பார்த்தால் எந்தக் கம்பெனி என்று தெரியும். மேட்டில் ஏறி நின்று பார்த்தேன். அந்தப் பக்கம் புகை இல்லை. எந்தப் பக்கமும் இல்லை. மைதானத்துக்கு மேலே மட்டும் வெள்ளையாக ஒரு திட்டு மிதந்தது. இரண்டாவது வேட்டும் போட்டார்கள். அப்போதுதான் முந்தின நாள் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது.

திரும்பி ஓடி வந்தேன். சாத்தூர் ரோட்டில் தூரத்தில் ஒரு ஊதாப் பனியன் போய்க்கொண்டிருந்தது. இரட்டைச் சடையை மடித்துக் கட்டியிருந்த அந்த முதுகை எனக்குத் தெரியும். அவளுக்குப் பின்னால் ஆளே இல்லை, அம்புட்டுத் தூரம் முந்தி வந்திருக்கிறாள்.

“ஏத்தா! ஏத்தா! இங்கன திரும்பு!”

எதிர்க்காற்று. நாலைந்து தடவை கத்தின பிறகுதான் நின்று திரும்பிப் பார்த்தாள். அதற்குள் முக்குக்கு மூன்று பெண்கள் வந்துவிட்டார்கள். கீழே கிடந்த கொடியை எடுத்து அவர்களுக்கு வலது பக்கம் காட்டினேன். ஒருத்தி, அடுத்தவள், அதற்கடுத்தவள். மூன்று பேரும் கண்மாய்க்கரையில் திரும்பிப் போனார்கள். அதன் பிறகு அவள் வந்து சேர்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கொடியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே திரும்பி ஓடினாள்.

நாலாவதாக வந்தாள்.

நான் மைதானத்துக்குப் போனபோது நர்ஸம்மா அவள் குதிகாலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பந்தல் மேடையில் சிறப்பு விருந்தினர், பக்கத்தில் எங்கள் முதலாளி. வாலண்டியர்களுக்குச் சால்வை போர்த்த வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். பயிற்சியாளர் மேடைக்குக் கீழே வந்து அந்தப் புள்ளையிடம் விசாரித்தார்.

“நீதானம்மா முதல்ல வந்துக்கிட்டிருந்தே? என்ன ஆச்சு?”

“கண்மாய் முக்குல யாருமே இல்ல சார். நேரா ஓடிட்டேன்.”

பயிற்சியாளர் கமிட்டிக்காரரைப் பார்த்தார். “வாலண்டியர் இல்லைன்னா அது நடத்துறவங்க தப்பு. அப்படின்னா சொல்லுங்க, இந்தப் பொண்ணையும் நாலாவதாச் சேத்துக் கூட்டிட்டுப் போறேன்.”

கமிட்டிக்காரர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: “கண்மாய் முக்கு யாரு? வாலண்டியர் சார், நீங்கதானே?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேடையிலிருந்து முதலாளியும் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். ‘நான் முக்கை விட்டுட்டுப் போயிட்டேன்’ என்றால் முடிந்தது. பனியனைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள், அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். யாரும் என்னை அடிக்கப் போவதில்லை. உள்ளே ஆத்தாள் பேரைச் சொல்லிக்கொண்டே வாயைத் திறந்தேன்.

“நான் அங்கதான் சார் நின்னேன். கையைக் காட்டுனேன். புள்ள கவனிக்கல.”

“இல்ல சார்!” என்றாள் அவள். “இல்ல சார், மாமா அங்கன இல்ல.”

“ஓடுற வேகத்துல கண்ணு இருட்டிரும்மா, சகஜம்” என்றார் கமிட்டிக்காரர். பயிற்சியாளர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தத் தாயைப் பார்த்தார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பது போல.

தாய் சொன்னாள்: “அண்ணன் பொய் சொல்ல மாட்டாக சார். தினமும் சாமி கும்பிட்டுட்டு வர்றவுக. இவதான் பராக்குப் பாத்திருப்பா.” பிறகு மகள் பக்கம் திரும்பி, “ஏட்டி, நாலு பேருக்கு முன்னால மாமாவை இல்லைங்கிறியே. மன்னிப்புக் கேளு” என்றாள்.

அவள் கேட்கவில்லை. நான் வரிசையில் போய் நின்று சால்வையும் சான்றிதழும் வாங்கிக்கொண்டேன்.

சான்றிதழை வீட்டுக்காரி கண்ணாடி போட்டு, ஆத்தாள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். படத்துக்குப் பூ வைக்கும்போதெல்லாம் ஒரு துண்டைக் கிள்ளி அதற்கும் வைப்பாள். அதற்கப்புறம் நான் பந்தயத்துக்கு நிற்கவில்லை. மூட்டு வலி என்று சொல்லிவிட்டேன். பூக்குழி இறங்கினேன். இரண்டு வருஷம் மொட்டை போட்டேன். கோயிலில் நின்று, “ஆத்தா, தப்புப் பண்ணிட்டேன்” என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். அவளிடம் சொல்லுவது லேசு. அவள் மைக்கில் திருப்பிச் சொல்ல மாட்டாள்.

அந்தப் புள்ள பன்னிரண்டாவதை முடித்தாள். ஓடுவதை நிறுத்தினாள். கொஞ்ச நாள் வீட்டில் இருந்தாள். பிறகு ஒரு நாள் விடியற்காலையில் வேனில் ஏறினாள். “வா தாயி, கடைசியில எங்க பக்கம்தான் வந்துட்ட” என்று ஒருத்தி கிண்டல் பண்ணினாள். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் அறையிலேயே போட்டார்கள். பட்டாசு அறைக்கு நாலு பேர்தான் கணக்கு. நான், தாய், மகள், இன்னொருத்தி. தாய் எதிரே மகள் உட்கார்ந்து கிப்ட் பாக்ஸ் அடுக்குவதை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டு நானும் கட்டுக் கட்டினேன். ஊரில் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால், “நல்லா ஓடுற புள்ளதான், பராக்குப் பாத்துக் கெட்டுச்சு” என்பார்கள். என் காதுபடவே சொல்லுவார்கள். கேட்டுக்கொண்டு இருந்தேன்.

இந்த வருஷம் கமிட்டிக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். “பழைய ஆளுங்க வந்தாத்தான் ஒழுங்கா நடக்குது. அதே கண்மாய் முக்கை எடுத்துக்கங்க சார்” என்று புதுப் பனியனைக் கையில் கொடுத்தார். வாங்கினேன். உண்மையைச் சொல்லுகிறேன், வாங்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றைக்கு என்னைப் பார்த்து எனக்கே அருவருப்பாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் புள்ள தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாகக் கை கழுவிக்கொண்டிருந்தது. கிட்டப் போனேன்.

“தாயி, அன்னிக்கு நான் முக்குல இல்ல. வேட்டுச் சத்தத்துல புகை பாக்க மேட்டுக்கு ஓடிட்டேன்.”

அவள் கையை உதறினாள். “தெரியும் மாமா. கொடி கீழ கிடந்துச்சு. ஓடும்போதே பாத்தேன். எதுவும் வெடிச்சிருச்சோ, மாமாவுக்கு என்னமோன்னு நினைச்சுக்கிட்டேதான் ஓடினேன்.”

“மன்னிச்சிரு தாயி” என்றேன்.

“என்கிட்ட எதுக்குச் சொல்றீக? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. மைக்குப் பக்கத்துல இருந்தப்பச் சொல்லல. எங்கம்மா இன்னும் நான்தான் பராக்குப் பாத்தேன்னு நினைச்சிக்கிட்டிருக்கா. ஊரும் அதையேதான் சொல்லுது. அவுககிட்டச் சொல்லுங்க.”

சாப்பாட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே தாயிடம் சொன்னேன். வேனுக்கு நின்றுகொண்டிருந்த இடத்தில், மற்றவர்களும் கேட்க, சொன்னேன். அவள் திட்டவில்லை. “நான் அவளை மன்னிப்புக் கேக்கச் சொன்னேனே” என்று மட்டும் சொன்னாள். அதையே இரண்டு மூன்று தடவை சொன்னாள். வேன் வந்ததும் ஏறி மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அதன் பிறகு அவள் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. வேலையில் ஏதாவது வேண்டுமானால், “ஏங்க, அந்தப் பசையைக் குடுங்க” என்கிறாள்.

பனியனைக் கமிட்டிக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, அவரிடமும் சொன்னேன். “பழைய கதை, விடுங்க சார்” என்றார். வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் அழுதாள். ஆனால் மறுநாளே பக்கத்து வீட்டில், “எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னுதான் இவுக ஓடியிருக்காக. பொண்டாட்டி மேல அம்புட்டுப் பாசம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரே வாரத்தில் ஊருக்குள்ளும் கதை அப்படியே மாறிவிட்டது. பாசக்காரன், பயந்தாங்கொள்ளி, பாவம், நேர்த்திக்கடன்காரன் என்று எனக்கு நாலு பட்டப்பேர் கிடைத்தது. அந்தப் புள்ளைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பயிற்சியாளர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு இருபத்து மூன்று வயதாகிவிட்டது.

அதனால்தான் வாயால் சொன்னது போதாது என்று எழுதி வைக்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னால் மாற்றாமல் சொல்லுங்கள். நான் ஓடினதைச் சொல்லும்போது, மைதானத்துக்குத் திரும்பி வந்து பொய் சொன்னதையும் சேர்த்தே சொல்லுங்கள். பொண்டாட்டிக்காக ஓடினேன், அது சரி. பொய் சொன்னது அவளுக்காக இல்லை, ஆத்தாளுக்காகவும் இல்லை, சார் என்ற ஒரு சொல்லுக்காக. என்னை நல்லவன் என்று எந்த இடத்திலும் ஒரு வார்த்தை சேர்த்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இதை மட்டும் இப்படியே சொல்லுங்கள்: அந்தப் புள்ள பராக்குப் பார்க்கவில்லை. முக்கில் ஆள் இல்லை.